கூந்தல் தைலம்

அம்பத்தூர், 1936

வேப்பம்பட்டில் தாய்வீட்டில் படுத்திருப்பவளுக்கு,

நீ சொல்லியனுப்பியபடி தினமும் தைலப் புட்டிகளோடு கிளம்பிவிடுகிறேன். முன்பெல்லாம் வாசலில் நின்று நீ கொண்டையை அவிழ்த்தாலே பெண்கள் கூடிவிடுவார்கள். இப்போது எல்லாவற்றையும் நானே வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. காய்ச்சலில் உன் முடி கொட்டியதை மட்டும்தான் நினைத்துக்கொள்கிறேன். மற்றதை நினைத்தால் கால் நகராது.

இன்று கள்ளிக்குப்பத்தில் கன்னியம்மாள் வழிமறித்தாள். நீ மாசமாக இருந்தபோது பார்த்தவள்.

"இன்னா நைனா, உம் பொண்டாட்டி ஆத்தா ஊட்லயே கீறாளா? கொயந்த பொறந்துச்சா?"

"பொறந்துச்சு, அக்கா. பொண்ணு," என்றேன். "தல நெறைய முடி." புதைத்ததைச் சொல்லவில்லை.

உடனே இரண்டு புட்டி வாங்கினாள். தெருவே கூடி வாங்கியது. கூடை காலியாகிவிட்டது.

நாளைக்கும் என்னைக் கிளம்பச் சொல்லாதே.

உன் வீட்டுக்காரன்