கப்பல் கூலி சேர்ந்த விலை

அண்ணா,

இன்று காலைப் பேப்பரில் இரண்டு நாடுகள் இறக்குமதி செய்த வெப்பமண்டல மரத்தின் மதிப்பை ஒப்பிட்டுப் படம் போட்டிருந்தார்கள். ஒரு கம்பம் குட்டை, ஒன்று நெட்டை. காபியைக் கீழே வைத்துவிட்டு, படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் பேப்பரில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். சேலத்துக்கு மேலே மலையில், தலைச்சோலைப் பக்கத்துக் காபி எஸ்டேட்டில் நான் கணக்கு எழுதும் ரைட்டர், நீங்கள் லாரி டிரைவர். காபிக்கு நிழல் கொடுத்து நின்ற பழைய ஈட்டி மரங்களை மொத்தமாக விலைக்குக் கேட்டு ஒரு புரோக்கர் வந்தார். கையில் வெளிநாட்டு வணிகப் பத்திரிகையின் ஒரு பக்கம். இரண்டு நாடுகள், ஏறக்குறைய ஒரே அளவு மரம். ஆனால் ஒரு நாட்டின் இறக்குமதி மதிப்பு மட்டும் நிறையக் கூடுதல்.

"அந்த நாட்டுக்காரன் கூடுதலா வெல குடுக்கறானுங்க. இப்பவே வெட்டிரலாம்" என்றார்.

முதலாளி என்னை ஒப்பிட்டு எழுதித் தரச் சொன்னார். சிவப்பு மையில் கட்டம் போட்டு, வித்தியாசம் முழுக்க லாபம் என்று எழுதிவிட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு! நிழல் போனால் காபிச் செடி கருகும், பழம் பறிக்கிற நாகலூர்ப் பெண்களுக்கு வேலை போகும், அவர்களில் நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவியும் ஒருவர் என்பதெல்லாம் என் கட்டத்துக்குள் வரவில்லை.

மறுநாள் லாரியில் சேலத்துக்கு இறங்கும்போது உங்களிடம் பீற்றிக்கொண்டேன். மரம் வெட்டினால் மாசக்கணக்கில் லோடு உங்களுக்குத்தான் என்றும் சொன்னேன். ஒரு வளைவில் கியரை மாற்றிவிட்டுக் கேட்டீர்கள்.

"ஏனுங்க ரைட்டர், அந்த ரெண்டும் ஒரே எடத்து வெலைங்களா?"

"என்னங்ணா கேக்கறீங்க?"

"நம்ம காப்பி மூட்டைக்கு மலை மேல ஒரு வெல. சேலத்துல எறக்குனா லாரி வாடகை சேந்து ஒரு வெல இல்லீங்களா? கப்பலுக்கும் வாடகை இருக்குமில்லீங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே ஓட்டினீர்கள்.

ஆபீசுக்குத் திரும்பியும் மனசு கேட்கவில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்தது: ஒரு நாடு கப்பல் கூலியும் இன்ஷூரன்சும் சேர்த்து மதிப்புப் போடுகிறது, மற்றது வெறும் மரத்துக்கு மட்டும் போடுகிறது. கப்பல் கூலியைக் கழித்தால் என்ன தேறும் என்று முதலாளி முன்னால் நான் கேட்டபோது புரோக்கர் அந்தப் பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். முதலாளி மரங்களை விற்கவில்லை. உங்களுக்கு வரவேண்டிய லோடும் போயிற்று. அஞ்சாவதைத் தாண்டாதவர் நீங்கள். உங்கள் பிழைப்பிலேயே கை வைக்கிற கேள்வியை எப்படி அண்ணா அவ்வளவு சாவகாசமாகக் கேட்டீர்கள்? எத்தனையோ ஆபீசர்களைப் பார்த்துவிட்டேன், அந்தத் தெளிவு ஒருவரிடமும் இல்லை.

"நல்லா கவனிச்சீங்க ரைட்டர்" என்று முதலாளி என் தோளைத் தட்டினார். கேட்டது நீங்கள்தான் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வாசலில்தான் நின்றிருந்தீர்கள்.

உங்கள் அடக்கத்தன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க கண்டுபுடிச்சதாலதானுங்க அன்னிக்கு மரம் தப்புச்சு, எங்க வேலையும் தப்புச்சு. ஊட்டுல சொல்லிட்டே இருப்பாருங்க."

வீட்டிலும் என் பெயரைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்! அத்தனை பேர் நடுவில் தேம்பித் தேம்பி அழுதேனே தவிர, அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. உங்களுக்குச் சேரவேண்டிய அந்த நன்றி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை நாகலூருக்குப் போய் அக்காவிடம் கொடுத்துவிட்டு வருகிறேன்.