நல்ல கை வந்தால் முணுமுணுப்பவன்

ஜூன் 3
காற்றுக் காலம். படகு கரையில், நான் சீட்டில். நிக்கொலஸோடு ஜோடி சேர்ந்து 'முந்நூற்றி நாலு' சீட்டாட்டம் ஆடினேன், தோற்றோம். அவன் என் மனைவி யூஜீனியாவின் அண்ணன், என் மச்சான். கோயில் திருவிழாச் சீட்டுப் போட்டியில் ஏழு வருடமாக நாங்கள் முதல் சுற்றைத் தாண்டியதில்லை.
"இந்த முறையும் முதல் சுற்றில போனா, அடுத்த வருசம் நான் வேற ஆளப் பாக்கிறன் மச்சான்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அவனில்லாமல் நான் யாரோடு ஆடுவது?

ஜூன் 5
எல்லாம் அதிர்ஷ்டம்தான். எனக்கு நல்ல கை வந்தால் எதிராளிகள் பதுங்கிவிடுகிறார்கள். மோசமான கை வந்தால் ஏறி அடிக்கிறார்கள். யூஜீனியாவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.
"உங்களுக்கு நல்ல சீட்டு வந்தா கோயில் பாட்ட முணுமுணுக்கிறீங்க. ஊருக்கே தெரியும்."
பொய். நானாவது முணுமுணுப்பதாவது.

ஜூன் 6
உண்மை. இன்று இரண்டு ஜாக் வந்தது — எங்கள் ஆட்டத்தில் அதுதான் பெரிய சீட்டு. பாட்டின் இரண்டாவது அடியில்தான் என் சத்தம் எனக்கே கேட்டது. சீ, என்ன மானக்கேடு.
நிக்கொலஸைப் பிடித்தேன். "தெரிஞ்சும் ஏன்டா சொல்லல்ல?"
"நானும் அதக் கேட்டுத்தானே ஆடுறன்" என்றான், வெட்கமே இல்லாமல்.

ஜூன் 9
வாயில் டொஃபி போட்டு ஆடிப் பழகுகிறேன். பாட்டு நின்றது. நிக்கொலஸுக்குத்தான் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருக்கிறது.

ஜூன் 11
முதல் சுற்று. கடைசி ஆட்டத்தில் எனக்கு வந்தது முழுக்கக் குப்பை. வருவது வரட்டும் என்று வேண்டுமென்றே முணுமுணுத்தேன். எதிராளிகள் பதுங்கினார்கள். நிக்கொலஸும் நம்பிவிட்டான், பாவி. இத்தனை புள்ளி எடுப்போம் என்று பெரிய கேள்வியாகக் கேட்டுவிட்டான். பார்த்தால், நல்ல சீட்டெல்லாம் அவன் கையிலேயே இருந்திருக்கிறது.
வென்றோம். என் கெட்டித்தனமா, அவன் அதிர்ஷ்டமா? மாதாவுக்குத்தான் தெரியும்.

ஜூன் 12
இரண்டாவது சுற்று. வாழ்நாளில் வராத கை. பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தேன். பாட்டுக் கேட்காததால், என்னிடம் ஒன்றுமில்லை என்று நினைத்து நிக்கொலஸ் தன் பெரிய சீட்டை வீணாக்கினான். தோற்றோம்.
வெளியே வந்ததும் நானே கேட்டுவிட்டேன், அடுத்த வருடம் யாரோடு என்று.
"உன்னோடதான். எட்டு வருசமா உன்ட பாட்டக் கேட்டனே தவிர, ஆட்டம் பழகல்லையே நான்."
எனக்குக் கண் கலங்கியது. மூக்கைச் சிந்துவது போல் திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 14
நிக்கொலஸ் காலையிலேயே சீட்டுக் கட்டோடு வந்தான். மூன்றாம் ஆள் வேண்டுமென்று யூஜீனியாவை இருத்தினோம். பார்த்திருக்கிறாள், ஆடியதில்லை. கேள்வியை அசையாமல் ஏற்றிக்கொண்டே போனாள். எனக்கு ரோசம் விடவில்லை. மேலே மேலே கேட்டு, எடுக்க முடியாத புள்ளியில் மாட்டிக்கொண்டேன்.
"நல்ல கை வந்திட்டுதாக்கும் உனக்கு" என்றேன்.
தன் சீட்டுகளைத் திருப்பி வைத்தாள். ஒரு பெரிய சீட்டுக்கூட இல்லை.