கவர்னர் கையெழுத்தும் பாப்பாவின் காதுகுத்தும்

ஆவணி 4, புதன்

காலையிலேயே புழுக்கம். மழை போக்குக் காட்டிவிட்டு இலுப்பூர்ப் பக்கம் போய்விட்டது.

வேலைகள்: தையல் கடையில் பாவாடை. ஆசாரியிடம் தோடு. வக்கீலுக்கு போன் (எடுக்கவில்லை).

வருகிற ஞாயிறு தாண்டி அடுத்த ஞாயிறு காதுகுத்து. பாப்பா ஒன்றாம் வகுப்பு போகிறாள், இன்னும் மூளிக் காது. என் அண்ணன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவேன் என்று பிடிவாதம் பிடித்தவள் நானேதான். அண்ணன் திருச்சி ஜெயிலில், ஆயுள் தண்டனை. வரப்புத் தகராறு, ஒரு உயிர் போனது. செய்தது தப்பு. அதற்கு மேல் எழுத வரவில்லை.

போன மாதம் டிவியில் கீழே ஓடியது, கைதிகள் முன்விடுதலைக்கு அமைச்சரவை ஒப்புதல் என்று. அண்ணன் பெயரும் உண்டு என்றார் வக்கீல். அன்றைக்கே அச்சகத்துக்கு ஓடினேன். பத்திரிகையில் தாய்மாமன் என்று அண்ணன் பெயர், கொட்டை எழுத்தில். திருக்கோகர்ணம் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. பிறகுதான் சொல்கிறார்கள், கவர்னர் கையெழுத்துப் போட வேண்டுமாம். கொடி ஏற்றுவார், பட்டம் கொடுப்பார் என்று மட்டும்தான் அவரைப் பற்றி நினைத்திருந்தேன். அவசரக்குடுக்கை நான்.

ஆவணி 7, சனி

வக்கீல் ஆபீஸ். ஃபேன் ஓடுகிறது, காற்று இல்லை.

ஃபைல் இன்னும் கவர்னர் மாளிகையிலேயேதான் இருக்கிறதாம். முதலமைச்சரே முடிவு பண்ணின பிறகு இவர் யார் என்று கேட்டேன்.

"மந்திரிசபை சொல்றபடிதாங்க அவர் நடக்கணும். ஆனா இத்தன நாளைக்குள்ளன்னு எங்கிட்டும் எழுதி வைக்கலயே."

நேரில் போய்ப் பார்க்கலாமா என்றதற்குச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எம்.எல்.ஏ. என்றால் வாசலில் போய் நிற்கலாம், திட்டலாம், அடுத்த தடவை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். டெல்லி அனுப்பி வைத்த ஆளிடம் எதைச் சொல்லி மிரட்டுவது?

ஆள்கிறவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களை மட்டும் திறந்துவிட்டால் கேட்க ஒரு ஆள் வேண்டாமா என்றும் சொன்னார் வக்கீல். செத்துப் போனவரின் சம்சாரம் அரிமளத்தில் இருக்கிறாள். இந்தத் தாமதம் அவளுக்கு நல்ல சேதியாக இருக்கும். பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு ஸ்டாப்பைத் தவறவிட்டேன்.

பாவாடை வாங்க மறந்தாச்சு.

ஆவணி 10, செவ்வாய்

வெயில். ஜெயிலில் இருந்து அண்ணன் போன். பேச விடுகிற நேரம் கொஞ்சம்தான், அதில் பாதி நான் அழுதே கழிந்தது.

"நம்ம செல்வம் மடியில வச்சுக் குத்திருங்க ஆத்தா. பிள்ளைய மூளியா வச்சுக்கிட்டு எதுக்கு எனக்காகக் காத்துக்கிட்டு?"

செல்வம் சித்தப்பா மகன், அவனும் மாமன்தான். தப்பொன்றும் இல்லை. அவரும் (பாப்பாவின் அப்பா) அதையே சொன்னார். சமையலுக்குச் சொல்லியாச்சு, சொந்தக்காரர்கள் டிக்கெட் போட்டாச்சு. சரி என்றுவிட்டேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

ஆவணி 12, வியாழன்

தூறல். வக்கீல் போன். கவர்னர் மாளிகையில் இருந்து ஃபைல் திரும்பிவிட்டதாம், ஒரு கேள்வியோடு. இந்த ஆளை வெளியே விட்டால் ஏற்றுக்கொள்ள வீடு இருக்கிறதா? அதை விசாரிக்க நன்னடத்தை அலுவலர் வருவார், என்றைக்கு என்று சொல்ல முடியாது.

இருக்கிறது என்று சொன்னால் தீர்ந்தது என்கிறார் பாப்பாவின் அப்பா. எனக்கு உட்கார முடியவில்லை. கேட்டைத் திறக்கிற சத்தத்துக்கெல்லாம் எட்டிப் பார்க்கிறேன். பால்காரர், கேஸ்காரர்.

ஆவணி 15, ஞாயிறு

வந்துவிட்டார், இன்றைக்கே.

வீடு பூட்டியிருக்க, பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டு காதுகுத்து நடக்கிற கோயிலுக்கே பைக்கில் வந்துவிட்டார். செல்வம் பட்டு வேட்டியில், மடியில் பாப்பா, வாய் நிறைய வாழைப்பழம். ஆசாரி கையில் ஊசி. அலுவலர் ஓரமாக நின்று, தாய்மாமன் யாருங்க என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நாலைந்து பேர் செல்வத்தைக் காட்டினார்கள்.

அவர் பேனாவைத் திறந்தார். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் என்ன எழுதப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜெயிலில் இருப்பவன் இல்லாமலே இந்த வீட்டில் எல்லாம் நடக்கிறது என்றுதானே?

பாப்பாவை மடியில் இருந்து தூக்கிவிட்டேன். யோசிக்கவே இல்லை.

"எங்க அண்ணன் எடத்துல ஆள் வைக்கலங்க. அவுக வந்தாத்தான் பிள்ளைக்குக் காது குத்து. இதையே எழுதி மேல அனுப்புங்க."

மேளக்காரர் கூட நிறுத்திவிட்டார். அலுவலர் எழுதினார். எல்லாவற்றையும் எழுதினாரா, தெரியாது. ஆசாரி ஊசியைத் துணியில் சுருட்டி வைத்தார். செல்வம் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே கிளம்பிப் போய்விட்டான். அவனை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டேன், அது நிஜம். பாப்பாவின் அப்பா பந்தியைப் போடச் சொன்னார்.

சாயந்திரம் பாப்பா கண்ணாடி முன்னால் நின்று தோட்டைக் காதில் ஒட்டி ஒட்டிப் பார்த்தாள். கீழே கீழே விழுந்தது. எப்பம்மா குத்துவாங்க என்றாள். தெரியலடி என்றேன். நம்பவில்லை, அப்பாவிடம் கேட்கப் போய்விட்டாள்.