பெலிக்ஸ் போன கடல்

கஜா பெராங், மலாக்கா
17.8.1959

அன்பு மகன் ஜெயபாலனுக்கு அம்மா எழுதுவது. கடவுள் துணையால் உடம்பளவில் நாங்கள் சுகம், சிங்கப்பூரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். சோப்பு ஆலையில் உன்னை இன்ஜினியராக நிரந்தரமாக்கிய செய்தியை உன் தங்கை விஜயா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அந்தச் சந்தோஷத்தோடு நிறுத்தியிருக்கலாம், ஆனால் வீட்டு நிலைமையை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

நமக்குப் பொடி இறால் கொண்டுவரும் உஜோங் பாசிர் கடற்கரைப் பெலிக்ஸ் இறந்துவிட்டார். ஆயுசு முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில் வலையைத் தள்ளிக்கொண்டு நடந்தே இறால் பிடித்த மனிதர். அப்பா வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த ரப்பர் ஆலையின் திராவகத் தண்ணீர் வாய்க்கால் வழியாக அந்தக் கரையில்தான் போய் விழுகிறது. ஆலையைப் பெரிதாக்கிய பிறகு கடலோரம் வெளுத்து, மீன் செத்து ஒதுங்கி, இறால் அடியோடு இல்லாமல் போயிற்று. வேறு வழியில்லாமல் யாருடைய படகிலோ ஏறி ஆழத்துக்குப் போனார், திடீரென்று சுமத்ரா சூறைக்காற்று அடித்துப் படகு கவிழ்ந்துவிட்டது. அப்பா முதலாளியிடம் முன்பே கெஞ்சிப் பார்த்தவர்தான், பின்னால் காலி நிலம் கிடக்கிறது, குளம் வெட்டித் தண்ணீரைத் தேக்கி, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்த பிறகு விடலாம் என்று. "கடல் எவ்வளவு பெரிசு மண்டோர், நம்ம வாய்க்கா தண்ணி அத என்ன பண்ணிடும்" என்று முதலாளி சிரித்தாராம். பெலிக்ஸை அடக்கம் செய்த மறுநாள் அப்பா அந்த வாய்க்காலின் மதகை அடைத்துப் பூட்டி, குளம் வெட்டினால்தான் திறப்பேன் என்று சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தண்ணீர் ஆலைக்குள்ளே ஏறி வேலை நின்றது. சாயங்காலத்துக்குள் பூட்டை உடைத்து, அப்பாவையும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். "ஊர்க் கடலுக்கெல்லாம் நீங்கதான் காவலா" என்று நானும் கோபத்தில் கேட்டுவிட்டேன்.

நேற்று பெலிக்ஸின் மகன் மார்செல் வந்தான். கைக்குழந்தைக்காரன், கடலில் பிடிக்க ஒன்றுமில்லை. மதகைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று முதலாளி அவனைக் கூப்பிட்டிருக்கிறாராம். நீங்கள் வேண்டாம் என்றால் போகமாட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு மலாயில் சொன்னான். போ, பிள்ளைக்குப் பால் வாங்க வேண்டாமா என்று அப்பா அவன் தோளைத் தட்டி அனுப்பினார். அவன் போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். இன்றிலிருந்து அந்த மதகைத் திறந்துவிடுவது அவன்தான்.

வேளைக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. சாரதாம்பாள் அத்தையும் உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள். அப்பா ஒன்றே ஒன்று எழுதச் சொன்னார். உங்கள் சோப்பு ஆலைத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது என்று நீயே நடந்து போய்ப் பார்க்க வேண்டுமாம், பார்த்ததை முதலாளியிடம் சொல்ல வேண்டுமாம். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன், எனக்கு அவ்வளவு பயம். ஆனாலும் எழுதிவிட்டேன், போய்ப் பார் மகனே.

நீ நீடூழி வாழ வேண்டும் என்று வாழ்த்தும்
உன் அம்மா
சிவகாமசுந்தரி பொன்னுதுரை