திருப்பித் தர முடியாத அர்ச்சனை

வியாழன், இரவு.

அன்பளிப்பு வாங்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்ததிலிருந்து, அலுவலகத்தில் யாரிடமும் ஒரு காலண்டர்கூட நான் வாங்குவதில்லை. இன்று லாட்ஜ் முதலாளிகள் சங்கச் செயலாளர் வந்தார். கிரிவலப் பாதையில் கூடுதல் மாடி கட்ட விதியைத் தளர்த்தச் சொல்லி என்னிடம் நடையாய் நடக்கிறவர். அவர் நீட்டிய ஸ்வீட் பெட்டியை மறுத்தேன். சிரித்துக்கொண்டே விபூதிப் பொட்டலத்தை எடுத்தார்.

"இது பிரசாதங்க மேடம்."

கை தானாக நீண்டுவிட்டது.

"உங்க பொண்ணு பேருக்குக் காலைல அர்ச்சனை பண்ணேன். நந்தினி, ரேவதி நட்சத்திரம். சரிதானுங்களே?"

சரிதான். ஆனால் அவள் நட்சத்திரத்தை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் கேட்டேன்.

"நான் எங்க சொன்னேன்? பரீட்சை நேரம், நல்லதுதானே பண்ணியிருக்காரு" என்றார்.

யாரிடம் விசாரித்திருப்பார்? ஸ்வீட்டைத் திருப்பி அனுப்பலாம். செய்த அர்ச்சனையை எப்படித் திருப்பி அனுப்புவது? சுற்றறிக்கையை மறுபடி படித்தேன். அதில் அர்ச்சனையைப் பற்றி ஒன்றுமில்லை.

பொட்டலத்தைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நந்தினி நெற்றி நிறைய விபூதியோடு படித்துக்கொண்டிருந்தாள்.

துடை என்று சொல்ல வாய் வரவில்லை.