ஐயாயிரத்து நாற்பதில் ஒரு தலை

மழை தவறாத மலைகளுக்கும் நெல் குறையாத களஞ்சியங்களுக்கும் உரியவராகிய முகில்வரை மன்னர் பரிதிவேளின் திருமுன்னர், பாறைவாய்க் கோட்டைத் தலைவன் கருங்கண்ணன் வணங்கிச் சொல்லி எழுதுவித்த ஓலை. மன்னர் நலம் வாழ்க, நாடு செழிக்க. கருங்கண்ணனுக்கு எழுத்து வராது; முழங்கால் வலி உண்டு; சொல் முரடாயிருப்பின் பொறுத்தருள்க.

மனைவி பிள்ளை பெற்றாள் என்று கேட்டு, காவலை விட்டு ஆற்றைக் கடந்து போய், மறுநாள் தானே திரும்பி வந்த வீரன் செங்கோடனின் தலையைக் கொய்யுமாறு ஆணை வந்தது. கூடவே அரண்மனைக் கணியர் விண்ணனாரின் சிற்றோலையும் வந்தது: அவன் ஒருவன் குறைந்தால் படையை எவ்வகையிலும் சமமாகப் பிரிக்க இயலாது, மன்னரிடம் சொல்லியும் பயனில்லை என்று.

"கணியனுக்கு அந்தப் பய என்ன மச்சானா?" என்றான் கருங்கண்ணன். அரண்மனையிலிருந்து வரும் எதையும் அவன் எளிதில் நம்பியதில்லை.

கோட்டையில் இருப்பவர் ஐயாயிரத்து நாற்பது பேர், பல குடியினர். ஒரு பிரிவில் ஓராள் கூடினால் மறு பிரிவு வாளை உருவும். அதனால்தான் முன்னோர் அவ்வெண்ணை வைத்தார்கள். ஒன்று முதல் பத்து வரை எதனால் வகுத்தாலும் மிச்சமே விழாது. கொல்லப்பட்டவனின் இடத்தை ஓராண்டு நிரப்பலாகாது என்பதும் நம் வழக்கம்.

ஆகவே செங்கோடனைக் கரையில் உட்காரவைத்து, மற்றவரை ஆற்றுமணலில் நிறுத்திப் பார்த்தான். இருவர் இருவராக, மூவர் மூவராக, பதின்மர் பதின்மராக எப்படி நிறுத்தினாலும் கடைசி வரிசையில் ஓரிடம் காலி. பதினொருவராக நிறுத்தினால் ஒருவன் மிச்சம். பதின்மூவராக நிறுத்தினால் எண்மர் மிச்சம். வெயில் ஏறிற்று.

"தலைவரே, எங்களைச் சந்தையில கூறுகட்டி விக்கப் போறீங்களா?" என்றான் ஒருவன்.

"அந்தா உக்காந்திருக்கானே, அவனைக் கூப்பிடுங்க. எல்லாம் சரியாப் போயிரும்!" என்றான் இன்னொருவன். படை சிரித்தது. செங்கோடன் சிரிக்கவில்லை.

பிறகு ஆளுக்கொன்றாகப் புளியங்கொட்டைகளைப் பரப்பி, எழுபது பங்கு வரை பிரித்துப் பார்த்தான். அதற்கு மேல் பிரித்தால் பார்த்த பங்குகளே தலைகீழாகத் திரும்பும் என்று கணியர் எழுதியிருந்தார். எதிலும் அடங்கவில்லை. ஐயாயிரத்து முப்பத்தொன்பது, ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் பிளவுபடாத எண். கணியர் பொய் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே கிழவனுக்குக் களைப்பாயிருந்தது.

எனினும் ஆணை ஆணையே. ஒரு தலை விழ வேண்டும். படைக்கணக்கில் கோட்டைத் தலைவனைச் சேர்ப்பதில்லை. அவன் தலை போனால் எந்த வரிசையும் குலையாது. ஆகவே அவன் புறப்பட்டுவிட்டான். ஓலை குதிரையில் வருகிறது, அவன் நடந்து வருகிறான், சற்றுத் தாமதமாகும்.

செங்கோடன் இன்று முதல் தெற்கு வாயிலில் நிற்க வேண்டும் என்பது அவன் இட்ட கடைசிக் கட்டளை. முத்திரையை அடுத்த தலைவனுக்கென்று கோட்டையிலேயே வைத்துவிட்டான். ஆதலால் இவ்வோலைக்கு அவன் கட்டைவிரல் குறியே சான்று.