முன் கார்ப்பரேட்டரின் சத்தம்

உங்கள் ரப்பர் குழாயை இன்று கொட்டகை ஆணியிலிருந்து எடுத்தேன். ஒரு முனையில் பெட்ரோல் வாசனை. நீங்கள் காதில் வைக்கிற முனையில் நல்லெண்ணெய் வாசனை. நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

குடிபாலாவிலிருந்து முனிரத்தினம் வந்திருந்தார். உங்கள் காருக்கு எஞ்சின் கடைந்து கொடுத்த லேத்துக்காரர், நீங்கள் வாசலோடு விரட்டிய சிநேகிதர். "வதினா, வண்டி நின்னுகினே இருந்தா துருப்புடிச்சிப் பூடும். ஒருவாட்டி ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டா?" என்றார், அண்ணியைத் தெலுங்கில் வதினா என்றே கூப்பிடுகிறவர். சரி என்றேன்.

திருப்பதியில் யாரோ வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த அந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை நீங்கள் லாரியில் ஏற்றி வந்த அன்று, பஸ் டிப்போவில் ரிட்டயர் ஆன மனுஷனுக்கு இது ஒரு கேடா என்று நான் கேட்டேன்தான். "ரெடியாவட்டும்மே. உன்னப் பக்கத்துல ஒக்கார வெச்சிகினு மலையடி அலிபிரிக்குப் போயி, நாலு சக்கரத்துலயும் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்டுகினு வரேன் பாரு" என்றீர்கள். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் சமையலறை வரைக்கும் வந்த கிரீஸை மூன்று வருஷம் பொறுத்தேன்.

எஞ்சின் பூட்டியாயிற்று. ஸ்டார்ட்டும் ஆயிற்று. ஆனால் நிதானமாக ஓடவில்லை. சும்மா நிற்கும்போதே ஏறி ஏறி இறங்கும். மிதித்தால், காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்ப்பரேட்டரின் வாய் வழியாக வெடிக்கும். இருந்தது இரண்டு கார்ப்பரேட்டர், முன் ப்ளக் இரண்டுக்கு ஒன்று, பின்னிரண்டுக்கு ஒன்று. முன் ப்ளக் இரண்டையும் கழற்றினால் பெட்ரோல் போதாமல் சுண்ணாம்பாய் வெளுத்திருக்கும். அதற்காகப் பெட்ரோலைக் கூட்டினால் பின்னிரண்டும் கரியாகும். "காத்தும் பெட்ரோலும் புருசன் பொண்டாட்டி கணக்கா. எது ஓங்கினாலும் வீடு பொகையும்" என்று சிரிப்பீர்கள். இதை இந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொன்னீர்கள் பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குழாயை ஒரு கார்ப்பரேட்டர் வாயில் பிடித்துக் கேட்பீர்கள், பிறகு அடுத்ததில். இரண்டும் ஒரே மாதிரி இரைந்தால் சமமாகக் காற்று இழுக்கின்றன என்று அர்த்தமாம். "ரெண்டும் ஒண்ணுதான்" என்பீர்கள். தடித்த இரைச்சல் ஒன்றுதான், பொய்யில்லை. ஆனால் முன் கார்ப்பரேட்டர் எஞ்சினோடு சேருகிற இடத்தில், இடுக்கை அடைக்கிற பேக்கிங்குக்கு அடியில், மெல்லிய சீறல் ஒன்று இருந்தது. அந்த வழியாகத்தான் திருட்டுக் காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. டிப்போ இரைச்சலில் முப்பது வருஷம் நின்ற காதுக்கு அது எட்டவில்லை. குக்கர் மூன்று விசில் விட்ட பிறகும் "இன்னும் அடுப்பு பத்த வெக்கலியா?" என்று கேட்டவர் நீங்கள். காதில் கோளாறு என்று யாராவது சொன்னால் மட்டும் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

நான் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். தாய் வயிற்றில் குழல் வைத்து, பிள்ளையின் நெஞ்சு அடிக்கிறதா என்று கேட்டே வயதைக் கழித்தவள். ஒருநாள் நீங்கள் கை கழுவப் போன நேரத்தில் அந்தக் குழாயை எடுத்துக் கேட்டேன். திரும்பி வந்ததும், "முன்னாடி அடியில ஏதோ சீறுதுங்க" என்றேன். முனிரத்தினம் பக்கத்தில் நின்றிருந்தார்.

"புள்ள பொறக்கிறதக் கேட்ட காதுக்குக் கார்ப்பரேட்டர் இன்னாமே தெரியும்? போயி காப்பி போடு" என்று சொல்லிவிட்டு, அவரையும் சேர்த்துச் சிரிக்க வைத்தீர்கள்.

காப்பி போட்டேன். அன்றைக்கு மூடியதுதான் என் வாய். நீங்கள் கார்ப்பரேட்டரில் ஊசி மாற்றினீர்கள், ஜெட் மாற்றினீர்கள், மிதவை மாற்றினீர்கள். கடைசியில் முனிரத்தினம் கடைந்ததுதான் கோணல் என்று பழி போட்டு அந்த மனுஷனையும் துரத்தினீர்கள். நான் காய் நறுக்கிக்கொண்டு பார்த்திருந்தேன். இன்னொரு தரம் சொல்லியிருந்தால் அவர் பழியிலிருந்து தப்பியிருப்பார். சொல்லவில்லை.

பிறகு ஒரு காலையில், சரியாகிவிட்டது என்று நீங்களே முடிவுகட்டி, மடியில் எலுமிச்சம்பழத்தோடு என்னை உட்கார வைத்துக் கிளம்பினீர்கள். சந்திரகிரிக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் வண்டி இருமி இருமி நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து, வெகுநேரம் குழாயைக் காதில் வைத்துக் குனிந்திருந்தீர்கள். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் நிமிர்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், குழாயின் முனையை என் பக்கம் நீட்டினீர்கள்.

"எனுக்கு சரியா கேக்கல. நீ கேட்டுச் சொல்லுமே."

நாற்பது வருஷக் குடித்தனத்தில் நீங்கள் என்னைக் கேட்ட ஒரே உதவி அது. நான் வாங்கிக் காதில் வைத்தேன்.

வண்டியை லாரியில் கட்டி இழுத்து வந்தோம். எலுமிச்சம்பழத்தை நான் ஊறுகாய் போட்டேன். அந்த ஜாடி தீர்வதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

இன்று முனிரத்தினம் ஸ்டார்ட் செய்ததும் பழைய நோய் அப்படியே இருந்தது. நான் பஞ்சில் எஞ்சின் ஆயிலைத் தொட்டு, சீறல் வந்த இடத்தில் வைத்து அழுத்தினேன். புண்ணுக்கு மருந்து வைக்கிற கைதானே. சீறல் நின்றது. ஏறி இறங்கிக்கொண்டிருந்த எஞ்சின் அடங்கி ஒரே சீராக ஓடியது. அன்று நான் சொன்னதை மறந்தே போயிருந்த முனிரத்தினம் வாயைப் பிளந்தார். "பேக்கிங்குதானா! ஒரு மணி நேர வேல வதினா. இது எப்ப தெரிஞ்சிது உங்களுக்கு?"

"இப்பதான்" என்றேன்.

நாளை புது பேக்கிங் போட்டு, அவரே அலிபிரிக்கு ஓட்டிப் போகிறாராம். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வரமாட்டேன் என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்ததற்கு நீங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்னும் அந்தக் கோபம் எனக்கு இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் புளியமரத்தடியில் நீங்கள் கேட்டதுக்கு, "ஒண்ணும் கேக்கலிங்க" என்று நான் சொன்னேனே.

கேட்டது. நன்றாகவே கேட்டது.